ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல்

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தைக் கேட்காத கிறிஸ்தவர் யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டார். கண், கை, கால், காது எல்லாம் சேர்ந்து ஒரே சரீரம் என்ற அந்தப் பகுதி வாலிபர் ஞாயிறுக்கும் வாசிக்கப்படும், புதிய நிர்வாகக் குழுவுக்காகச் செபிக்கும் நாளிலும் வாசிக்கப்படும். சபைக்குள் ஏதாவது மனக்கசப்பு வந்துவிட்டால் கட்டாயம் வாசிக்கப்படும். அதைத் தனியே எடுத்து வாசிக்கிறோம் என்பதுதான் என் மனக்குறை. அதற்கு முந்திய அதிகாரத்தின் பின்பாதியைச் சேர்த்து வாசித்தால், ஆவியானவர் கொடுக்கும் வரங்களைப் பற்றி நாங்கள் வழக்கமாகப் பேசும் பேச்சு மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

11ஆம் அதிகாரத்தின் 23ஆம் வசனம் முதல் எங்களுக்கு மனப்பாடம். திருவிருந்து ஆராதனையில் குருவானவர் அப்பத்தை எடுக்கும்போது சொல்லும் வார்த்தைகள் அவை. அதற்கு முன்னால் 17 முதல் 22 வரை உள்ளவை ஆராதனைப் புத்தகத்துக்குள் வருவதில்லை. அங்கே பவுல் கோபமாக எழுதுகிறார். நீங்கள் கூடிவருவது நன்மைக்கு அல்ல, தீமைக்கே என்கிறார். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்கிறார். வசதியுள்ளவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டு முடித்துவிட, அடிமைகளும் கூலிக்காரரும் வேலை முடித்து வரும்போது ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்று வேதபண்டிதர்கள் பலர் இதை விளக்குவார்கள். அந்தப் பகுதியை முடிக்கும்போது பவுல் கொடுக்கும் கட்டளை மிகச் சின்னது: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அது 33ஆம் வசனம். ஒரு வசனம் தாண்டினால் அடுத்த அதிகாரம், ஆவிக்குரிய வரங்கள். ஆக, வரங்களைப் பற்றிய போதனை பந்தியில் பிந்தி வந்தவனின் வெறுங்கோப்பையைப் பார்த்தபிறகு எழுதப்பட்டது. இந்தத் தொடர்ச்சி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சாதி பார்த்துப் பந்தியில் யார் முதல், யார் பின் என்பது என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்குப் பெரிய தலையிடியாக இருந்தவற்றில் ஒன்று, விடுதிப் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது, யார் யாரோடு இருந்து சாப்பிடுவது என்பதுதான். இலக்கணமும் வானசாத்திரமும் படிக்கத் தயாராக இருந்த பிள்ளைகள் ஒரே சமையலறைச் சோற்றுக்குத் தயாராக இருக்கவில்லை. நூறு வருடங்கள் கழித்தும், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்றபோது குடாநாட்டில் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது பதிவாகியிருக்கிறது. கோயிலுக்குள்ளும் அது இருந்தது. ஒரே கிண்ணத்தில் யாருக்குப் பிறகு யார் குடிப்பது என்று பார்த்துப் பார்த்து வரிசையில் நின்றவர்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் கடைசி வாங்குகளில் யார் இருக்கிறார்கள், எத்தனை தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வாங்குகளில் இருப்பவர்களிடம் என்ன வரம் இருக்கிறது என்று சபை கேட்டதே இல்லையென்றால், முன்வாங்கில் இருந்துகொண்டு வரங்களைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் குறைவு.

சபைகளுக்கிடையிலான ஒற்றுமையும் இதே மாதிரித்தான், வேர் பழையது. மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் வந்தார்கள், அமெரிக்கர்கள் 1816இல், சீ.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தார் 1818இல். குடாநாட்டை ஊர் ஊராகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு அமெரிக்கர் பக்கம். நல்லூர், சுண்டிக்குழி, கோப்பாய் சீ.எம்.எஸ். பக்கம். யாழ் நகரமும் பருத்தித்துறையும் மெதடிஸ்தர் பக்கம். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் எந்த ஊரில் பிறந்தோமோ அந்தச் சபைதான் சரியான சபை என்ற நினைப்பு அதனாலேயே எங்களுக்குள் ஊறிவிட்டது. கத்தோலிக்கர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்து, ஒல்லாந்தரின் தடைக்குள்ளும் தாக்குப்பிடித்த அவர்களை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கிறிஸ்தவர் கணக்கில் சேர்க்கவே தயங்கினார்கள்.

1947 செப்ரெம்பர் 27ஆம் திகதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கனும் மெதடிஸ்தமும் பிரெஸ்பிற்றேரியனும் கொங்கிரிகேஷனலும் ஒரே திருச்சபையான அந்த நாள் உலகத் திருச்சபை வரலாற்றில் பெரிய நாள். அமெரிக்க மிஷன் வழிவந்த எங்கள் சபைகள் அதில் சேர்ந்து யாழ்ப்பாண ஆதீனம் ஆயின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயர், வட்டுக்கோட்டையில் பேராலயம். அந்தத் தலைமுறையின் துணிச்சலை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். இலங்கைக்குள்ளும் அப்படியொரு ஒன்றிணைப்பைக் கொண்டுவர நீண்டகாலம் பாடுபட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அது நீதிமன்றம்வரை போய் அப்படியே நின்றுபோனது. அதனால் கடலுக்கு அப்பால் உள்ளவர்களோடு ஒரே திருச்சபையாகவும், சில மைல் தூரத்தில் உள்ள மெதடிஸ்தரோடும் ஆங்கிலிக்கரோடும் வேறு வேறாகவும் இருக்கிறோம். சட்டத்தால் வராதது வேறு வழியால் வரும் என்று நான் நம்புகிறேன். மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உலக மகளிர் செபநாள். அன்றைக்கு ஏதாவது ஒரு கோயிலில் எல்லாச் சபைப் பெண்களும் கூடுவோம். வேறொரு நாட்டுப் பெண்கள் எழுதிய செபத்தை நாங்கள் தமிழில் சொல்வோம். பிரசங்கமும் எங்களில் ஒருத்திதான். யார் எந்தச் சபை என்று அன்று யாரும் விசாரிப்பதில்லை. தேநீர் குடித்து முடியும்போது ஆளுக்காள் தொலைபேசி இலக்கம் வாங்கியிருப்போம்.

ஒற்றுமை பிழைப்பதற்கே வழியாக இருந்த ஒரு காலமும் எங்களுக்கு உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்துக்குத் தப்பி வலிகாமம் முழுதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நான் சின்னப்பிள்ளை. சாவகச்சேரிப் பக்கத்தில் நாங்கள் போய் விழுந்த கோயில் எங்கள் சபையுடையது அல்ல. எந்தச் சபை என்று அம்மா கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். பீடத்தின் முன்னால் கைக்குழந்தைகள், மண்டபத்துக்குள் வயோதிபர்கள், முற்றத்தில் மற்றவர்கள். மழை வேறு. அத்தனை பேர் ஒரு வளவுக்குள் இருந்தும் கொள்ளைநோய் வராமல் போனதற்கு ஒரு காரணம் அங்கே இருந்த ஒரு பெரியவர். அவருக்கு மலசலகூடக் குழி வெட்டுவது எப்படி என்று தெரியும். கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி, எந்தச் சரிவில், எத்தனை ஆழம் என்று காலால் அளந்து அடையாளம் வைப்பார். வாலிபர்கள் வெட்டுவார்கள். காலையில் அவரே போய்ச் சாம்பல் போடுவார். சாதாரண நாட்களில் எந்தக் கோயில் பட்டியலிலும் பெயர் வராத ஆள் அவர். அந்த நாட்களில் குருவானவர் உட்பட எல்லாரும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். வரங்களின் பட்டியலில் பவுல் அற்புதங்களையும் குணமாக்குதலையும் சொல்லிக்கொண்டு வந்து, 28ஆம் வசனத்தில் ‘ஊழியங்கள்’ என்று ஒன்றைச் சேர்க்கிறார். உதவி செய்வது அது. அந்த வசனம் வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பெரியவரின் ஞாபகம்தான்.

குணமாக்கும் வரம் என்றால் மேடையில் கைவைத்துச் செபிப்பது என்று மட்டும் நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீனைப் பற்றிச் சொல்லவேண்டும். 1847இல் வந்தவர். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தன் கையிலிருந்ததை உள்ளூர் இளைஞர்களின் கைக்கு, அவர்களுடைய மொழியிலேயே மாற்றிக்கொடுத்தார். தான் இல்லாவிட்டாலும் ஊர் குணமாகவேண்டும் என்று நினைக்கிற மனம் அது. வரம் உள்ளவருக்கு அந்த மனமும் இருந்தால் அந்த வரத்தால் சபை பிளவுபடாது.

சரி, இப்போது பலரும் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பி ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். வெளிநாடு அனுப்புவதாகச் சொன்ன ஒருவரிடம் காசைக் கொடுத்து, எல்லாம் இழந்து, வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த காலத்தில் அவனைத் தேடி வந்தவர் அந்தச் சபைப் பாஸ்டர். மோட்டார் சைக்கிளில் வருவார், வாசலில் இருந்து கதைப்பார், போய்விடுவார். மறுபடியும் வருவார். ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாட் பாடசாலையில் படித்து, திடப்படுத்தலும் எடுத்த சபை அவனைத் தேடவில்லை. அவன் வராததை அங்கே யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. இதை எங்கள் சபைக்காரர் கேட்கவேண்டும். ‘ஆட்டைத் திருடுகிறார்கள்’ என்று அவர்களைக் குறைசொல்வதற்கு முன் கேட்கவேண்டும். கடைசி வாங்கில் இருந்தவர்கள் பலர் அந்தச் சபைகளில் முதல்முறையாக எழுந்து நின்று சத்தமாகச் செபித்தார்கள், சாட்சி சொன்னார்கள், தங்கள் பெயரைச் சொல்லி யாரோ செபிப்பதைக் கேட்டார்கள். அதை ஆவியானவரின் செயல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவின் 31ஆம் நாள் செபத்துக்கு எங்கள் குருவானவரும் வந்திருந்தார், தம்பியின் சபைச் சகோதரர்களும் வந்திருந்தார்கள். கீர்த்தனை பாடி, வேதம் வாசித்து முடிந்ததும் அவர்களில் இருவர் அந்நிய பாஷையில், கேட்பவருக்கு விளங்காத ஆவிக்குரிய பேச்சில், சத்தமாகச் செபிக்கத் தொடங்கினார்கள். மாமி ஒருத்தி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. சைவ உறவினர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி இருந்தா. இரவு எல்லாரும் போனபிறகு நான் தம்பியிடம் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்தேன். பாஷை பேசுவதென்றால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையிலே பேசாமல் இருக்கவேண்டும். சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படவேண்டும், 40ஆம் வசனம்.

அவன் கோபிக்கவில்லை. “அக்கா, அதுக்கு முதல் வசனத்தையும் வாசியுங்கோ” என்றான்.

வாசித்தேன். அந்நிய பாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள்.

“உங்கட சேர்ச்சில நாப்பதுக்குக் கோடு போட்டு வைச்சிருக்கிறியள். எங்கட சபையில முப்பத்தொன்பதுக்கு. இரண்டும் ஒரே ஆள்தானே எழுதினது.”

அவன் சொன்னது சரி. அந்த இரண்டு வசனங்களையும் ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய சபை ஒன்றை நான் இன்னும் காணவில்லை. தம்பியும் ஒன்றை ஒத்துக்கொண்டான். அர்த்தம் சொல்ல ஆள் வரும்வரை காத்திரு என்பதும், இன்னொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முதலில் பேசினவன் பேச்சை நிறுத்தி அவனுக்கு இடம்விடு என்பதும் ஆவியை அணைப்பதாகாது என்றான். பந்தியில் சொன்ன அதே கட்டளையைத்தான் பவுல் பாஷைக்கும் தீர்க்கதரிசனத்துக்கும் சொல்கிறார். சாப்பாட்டுக்கு முந்தாதே, பேச்சுக்கும் முந்தாதே. நடுவில், அன்பு நீடிய சாந்தமுள்ளது என்று சொல்லும் 13ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறார். கலியாணத்துக்கு மட்டும் அதை வாசித்து வாசித்து, அது வரங்களுக்காகச் சண்டைபிடித்த ஒரு சபைக்கு எழுதியது என்பதையே மறந்துவிட்டோம்.

முந்திக்கொண்டு பேசும் வரம் என்ன செய்யும் என்பதையும் கண்டிருக்கிறேன். எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதவேண்டும்.

வன்னியிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருக்கும் ஒரு தாய். 2009 மே மாதம், யுத்தம் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் மகனைக் கடைசியாகக் கண்டவர். வீட்டு செபக்கூட்டம் ஒன்றுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கி, இவர் யார், என்ன கதை என்று அறியாமலே, தலையில் கைவைத்து, “உன் மகன் உயிரோடு இருக்கிறான், நத்தாருக்கு முன் வீட்டு வாசலில் நிற்பான், கர்த்தர் சொல்லுகிறார்” என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் முழுதும் அல்லேலூயா சொன்னது. அந்தத் தாய் மார்கழி தொடங்க முன்னமே ஒரு சாரமும் சேட்டும் வாங்கினார். மகனுக்குப் பிடிக்கும் என்று பயற்றம்பணியாரம் சுட்டு ரின்னில் போட்டுவைத்தார். மகன் வரவில்லை. விசாரித்தபோது, விசுவாசக் குறைவு என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கோயிலுக்கும் வரவில்லை.

தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்பது 14ஆம் அதிகாரத்தின் 29ஆம் வசனம். நிதானிக்கும் அந்த ‘மற்றவர்கள்’ சபைதான். ஒருவர் கர்த்தர் சொல்லுகிறார் என்று சொன்னால் உடனே ஆமென் சொல்லாமல், இதை யாருக்குச் சொல்கிறோம், இது நடக்காவிட்டால் நாளைக்கு இவர் பக்கத்தில் யார் இருக்கப்போகிறோம் என்று யோசிக்கும் பொறுப்பு சபைக்கு உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கும் மண்ணில் அந்தப் பொறுப்பு இரண்டு மடங்கு. வரத்தைப் பரிசோதிப்பது வரத்தை அவமதிப்பது என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அந்தத் தாயிடம் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போகிற ஒருத்தி எங்கள் சபையில் இருக்கிறா. கோயிலைக் கூட்டித் துடைப்பவர், கடைசி வாங்கு. எழுத வாசிக்கத் தெரியாது. ஒருநாள் நானும் கூடப் போனேன். முருங்கையிலைக் கட்டொன்று கொண்டுபோனா. இருவரும் சுளகில் போட்டு உருவினார்கள். செபம் ஒன்றும் நடக்கவில்லை. “தம்பிக்கு முருங்கையிலை வறை பிடிக்குமோ?” என்று கேட்டா. பிடிக்காது, ஆனால் முட்டை போட்டு வறுத்தால் சாப்பிடுவான் என்று தாய் சொன்னார். பிறகு அவன் சைக்கிள் பழகின கதை, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கின கதை. ‘பிடிக்குமோ’ என்றுதான் கேட்டா, ‘பிடித்ததோ’ என்று கேட்கவில்லை. வருவான் என்றும் சொல்லவில்லை, வரமாட்டான் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் நான் கேட்டேன், ஏன் செபிக்கவில்லை என்று. “அவ இன்னும் செபிக்கேலாமல் இருக்கிறா பிள்ளை. அவ தொடங்கினால் நானும் சேருவன்” என்றா.

ரோமருக்கு எழுதின நிருபத்தில், தீர்க்கதரிசனம், ஊழியம், போதனை என்று தொடங்கும் வரங்களின் வரிசையில் பவுல் கடைசியாகச் சேர்ப்பது இரக்கம் செய்வதை. அந்த வரத்தோடு எங்கள் நடுவில் ஒருத்தி இருக்கிறா. ஆனால் ‘உங்களுக்கு என்ன வரம்’ என்று எங்கள் சபையில் படிவம் கொடுத்து நிரப்பச்சொன்னபோது, அவவிடம் படிவம் கொடுக்கப்படவில்லை. வாசிக்கத் தெரியாதுதானே என்று விட்டுவிட்டார்கள். பாட்டு, கிற்றார், பிரசங்கம், நிர்வாகம், கணக்கு என்று கட்டங்கள் இருந்த அந்தப் படிவத்தில் அவவுக்குப் பொருந்துகிற கட்டம் எப்படியும் இருக்கவில்லை.

பலவீனமாய்க் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதை நாங்கள் உண்மையாக எடுத்துக்கொண்டால் சபையின் நடைமுறை மாறவேண்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கைக்கு முன்னால், இந்த வருடம் யார் வராமல் விட்டார்கள், யார் போய்ப் பார்த்தது என்று ஒரு அறிக்கை வாசிக்கவேண்டும். வெளியூர்ப் பிரசங்கிகள் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றித் தீர்க்கதரிசனம் சொல்வதானால், அந்த ஊரில் அவரோடு தொடர்ந்து இருக்கப்போகிற இரண்டு பேராவது அதை முதலில் கேட்டு நிதானிக்கவேண்டும். இதைத் தம்பியின் சபைப் பாஸ்டரிடமும் சொன்னேன். தங்கள் கூட்டங்களில் இனி அப்படியே செய்வதாகச் சொன்னார். அந்தப் பிரசங்கியை அழைத்தவர்கள் அவர்கள் அல்ல, ஆனாலும் அந்தத் தாயைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை போகிறவவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்னொன்றையும் எங்கள் குருவானவரிடம் கேட்டிருக்கிறேன். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று திருவிருந்துக்கு முன் 11ஆம் அதிகாரத்தை 23இலிருந்து அல்லாமல் 17இலிருந்து வாசிக்கவேண்டும், 33ஆம் வசனத்தில் நிறுத்தாமல் 12க்குள் போகவேண்டும். நீளமாக இருக்குமே என்றார். பிறகு சம்மதித்தார். அன்றைக்குத் திருவிருந்துக்குக் கடைசி வாங்கிலிருந்து தொடங்கி வருவோம் என்று அவரே சொன்னார். நிர்வாகக் குழுவில் இதைப் பற்றி இன்னும் கதைக்கவேண்டும். முன்வாங்குக்காரர் சிலருக்கு மனவருத்தம் வரலாம். அவர்களோடும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதைப்பதென்று நாங்கள் சிலர் முடிவெடுத்திருக்கிறோம்.